சைனா போனும் மாஸ்டரோட குடையும்

அன்னைக்கு எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலைதாங்க. பூண்டுலோயா பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் போகணும், சிம் கார்ட் விக்கணும், கடைசி பஸ்ஸைப் பிடிச்சு ஹட்டனுக்குத் திரும்பணும். அவ்வளவுதான்.

ரெண்டாயிரத்துச் சொச்சம். தோட்டத்து ஆளுங்க குடியிருக்கிற லயத்துக்கு லயம் போன் வர ஆரம்பிச்ச காலம். நான் ஹட்டன் டவுன்ல ஒரு போன் கடையில வேலை செஞ்சேன். இங்கிலாந்துல டி20 கிரிக்கெட் உலகக் கோப்பை நடக்குது. நம்ம முதலாளிக்குத் தூக்கம் போச்சு. விளையாட்டு மேல ஆசையில்ல, வியாபாரத்து மேல.

"செல்வா, நாடே கிரிக்கெட் பைத்தியமா அலையுது. சிம் விக்க இதைவிட நல்ல சீசன் வராது. இது புதுக் கம்பெனி சிம். வாங்குனா ஸ்கோர் மெசேஜ் சும்மாவே வரும். ஒரு தோட்டத்தைப் பிடிச்சுக் காட்டு, அந்தப் பக்கத்து ஏஜென்சி உனக்குத்தான்."

ஏஜென்சி!

காலைச் சாப்பாட்டுக்கு முன்னால பொண்டாட்டிகிட்டச் சொன்னேன். பகல் சாப்பாட்டுக்கு முன்னால அவ ஊருக்கே சொல்லிட்டா. கல்யாணமான நாள்ல இருந்து என்னை "அந்தப் போன் கடைக்காரரு"ன்னு சொல்லிக்கிட்டிருந்த மாமியார், அன்னைக்கு முதல் தடவையா "மாப்பிள்ளை சாப்பிட்டாச்சா?"ன்னு கேட்டாங்க. இனி வெறுங்கையோட வீட்டுக்குத் திரும்ப முடியாதுங்கிறது அப்பவே முடிவாயிருச்சு.

ஞாயித்துக்கிழமை. இலங்கை ஆடுற மேட்ச். தலவாக்கலையில பஸ் மாறி, தோட்டத்து முச்சந்தியில இறங்குறேன். லயமே எழவு வீடு மாதிரி இருக்கு. ஆளுங்க வாசல்ல குந்திக்கிட்டு மேகத்தைப் பாத்துக்கிட்டிருக்காங்க.

"என்னங்க, யாருக்காச்சும் ஏதாச்சும் ஆயிருச்சா?"

"மரம் விழுந்து கரண்ட் கம்பி அறுந்து போச்சு தம்பி. நாளைக்குத்தான் வருவாங்களாம். மேட்ச் போச்சு"ன்னாங்க பாக்கியம் அக்கா. அந்த லயத்துல கொழுந்து பறிக்கிறவங்க. வாயும் கை மாதிரியே வேகம்.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. ஏன்னா என் பாக்கெட்டுல ஒரு சைனா போன் இருந்துச்சு!

அந்த போனைப் பத்திச் சொல்லியாகணும். செங்கல் சைஸ். ரெண்டு சிம் போடலாம். ஸ்பீக்கர் கோயில் திருவிழா குழாய்க்குச் சவால் விடும். எல்லாத்துக்கும் மேல, பின்னால இருக்கிற ஏரியலை இழுத்தா டிவி தெரியும்.

ரோட்டோரக் கல்லு மேல ஏறி நின்னு அறிவிச்சேன்.

"யாரும் கவலைப்படாதீங்க! மேட்சை நான் காட்டுறேன்! நீங்க செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணு. ஆளுக்கொரு சிம் எடுங்க. நாளைக்குக் காலையில வேலை செய்யும். அடுத்த மேட்சுக்கெல்லாம் ஸ்கோர் உங்க கைக்கே வரும்!"

எழவு வீடு கல்யாண வீடா மாறிருச்சு. சிம் பறக்குது. முதல் ஆளா வாங்குனவரு யாழ்ப்பாணத்து மாஸ்டர். தோட்டத்து ஸ்கூல்ல கணக்குப் படிச்சுக் கொடுக்கிறவரு. நல்ல உயரம், கையில எப்பவும் ஒரு பெரிய கறுப்புக் குடை.

"தம்பி, உந்தச் சிம்மில யாழ்ப்பாணத்துக்கு வடிவாக் கதைக்கலாமோ? மனுசி அங்கதான் இருக்கிறா."

"லண்டனுக்கே கதைக்கலாம் மாஸ்டர்!"

என் வாயி இருக்கே!

போனை ஒரு பெட்டி மேல நிறுத்தி ஏரியலை இழுத்தேன். மழை பெய்யுற மாதிரி ஒரு படம். சத்தம் கருவாடு பொரியுற மாதிரி. போனைத் தூக்கிக்கிட்டு வாசலுக்குப் போனேன், கூட்டம் பின்னால வருது. தண்ணி பிடிக்கிற பீலிக்குப் போனேன், அங்கயும் வருது. பாத்ரூம் சுவர் ஓரமா நின்னப்பதான் பச்சையா ஏதோ தெரிஞ்சுச்சு.

"கிரவுண்டு!"ன்னு கத்துனேன்.

"தேயிலை மாதிரியில்ல இருக்கு"ன்னாங்க பாக்கியம் அக்கா.

ஏரியல் பத்தலை. கம்பி ஏதாச்சும் வேணும். எல்லாரும் ஒரே நேரத்துல மாஸ்டரோட குடையைப் பாத்தாங்க. மாஸ்டர் குடையை நெஞ்சோட அணைச்சுக்கிட்டாரு.

"குடையை ஒருத்தருக்கும் தரமாட்டன். வேணுமெண்டா நானே பிடிக்கிறன்."

விரிச்ச குடையைத் தலைகீழாத் திருப்பி, அதோட முனைக் கம்பியை ஏரியல்ல முட்ட வச்சாரு. அடடா! கண்ணாடி மாதிரி படம்! மட்டையைப் பிடிக்கிற கை தெரியுது, ஸ்கோர் தெரியுது. லயமே கை தட்டுச்சு.

ஒரே ஒரு சிக்கல். மாஸ்டர் அந்த இடத்துல, அந்தக் கோணத்துல, ஆடாம அசையாம நிக்கணும். அங்க நின்னா திரை அவருக்குத் தெரியாது.

"என்ன நடக்குது? ஆர் அடிக்கிறான்?"ன்னு எட்டிப் பாப்பாரு. படம் போயிரும்.

"மாஸ்டர், அசையாதீங்க!"ன்னு மொத்த லயமும் கத்தும். பாவம், மறுபடி சிலை மாதிரி நிப்பாரு.

திரை தீப்பெட்டி சைஸ். கூட்டமோ கோயில் கூட்டம். அதனால முறை வச்சேன். ஆளுக்கு ரெண்டு பந்து, அப்புறம் நகரணும். ரெண்டு பந்துல நாலும் ஆறும் பாத்தவங்க இருக்காங்க. பாக்கியம் அக்கா முறை வந்தப்ப எல்லாம் சவர்க்கார விளம்பரம்.

"தம்பி, இதோட மூணாவது தடவை. அந்தப் பொம்பளை குளிச்சு முடிச்சாச்சா இல்லையா?"

"அடுத்த முறை மேட்ச் வரும்க்கா."

"அடுத்த முறை அவ தலை துவட்டுவா."

அந்த நேரம் பாத்து மழை பிடிச்சுச்சு. நம்ம மலை மழை சொல்லிக்கிட்டு வராதே. போனுக்கு மேல ஒரு சாக்கைப் பிடிச்சோம். கூட்டத்துக்கு, கொழுந்து பறிக்கிறப்ப இடுப்புல கட்டுற பிளாஸ்டிக் ரெட்டு வந்துச்சு. மாஸ்டருக்கு மட்டும் ஒண்ணும் கிடையாது. கையில குடை இருந்தும் நனையுறாரு!

"தம்பி, குடையைத் திருப்பட்டோ?"

"ஐயோ மாஸ்டர், திருப்புனா படம் போயிரும்! இன்னும் ரெண்டே ஓவர்!"

தலைகீழாப் பிடிச்ச குடையில தண்ணி சேருது. கொஞ்சம் கொஞ்சமா அது ஒரு குளமாகுது. மாஸ்டர் ரெண்டு கையாலயும் தாங்கிப் பிடிக்கிறாரு. ஆனா மனுஷன் விடலை. நாட்டுக்காக நின்னாரு.

கடைசி ஓவர். ஜெயிக்கக் கொஞ்ச ஓட்டந்தான் வேணும், விக்கெட்டும் கையில கொஞ்சந்தான் இருக்கு. முறையெல்லாம் காத்துல போச்சு. மொத்தக் கூட்டமும் என் முதுகு மேல. பந்து போடுறவன் ஓடி வாறான்… வாறான்…

போன் அடிச்சுச்சு.

டிவி போயி திரையில முதலாளி பேரு!

"கட் பண்ணு! கட் பண்ணு!"ன்னு கத்துறாங்க. நானும் கட் பண்ணத்தான் அமுக்குனேன். அமுக்குன பொத்தான் வேற. ஸ்பீக்கர் டிவிக்காக முழுசாத் திறந்திருக்கு. முதலாளி குரல் மலையில பட்டுத் திரும்பி வந்துச்சு.

"டேய் செல்வா! பூண்டுலோயா பக்கமாடா போன? நம்ம புதுக் கம்பெனிக்கு அங்க டவரே இல்லையாம்! இப்பதான் கொழும்புல இருந்து சொன்னாங்க. அந்த சிம் அங்க செத்தாலும் வேலை செய்யாது. ஆளுங்க கண்டுபிடிக்கிறதுக்கு முன்னால வித்துட்டு ஓடி வந்துரு!"

எனக்கும் அப்பதாங்க தெரியும்! காலையில இருந்தே என் போன்ல அந்தக் கம்பெனி சிம்முக்கு ஒரு சிக்னல் கோடு கூடக் காட்டலை. சைனா போன்தானே, வெக்கப்படுதுன்னு நினைச்சுட்டேன். முதலாளியோட இந்தக் கோல் வந்தது என்னோட பழைய சிம்முக்கு.

எல்லாரும் கையில இருந்த சிம்மைப் பாத்தாங்க.

மாஸ்டர் மெதுவா என் பக்கம் திரும்புனாரு.

"தம்பி… அப்ப லண்டன்?"

அவரு திரும்புனா குடையும் திரும்புமில்ல? அவ்வளவு நேரம் சேந்த மொத்தத் தண்ணியும் என் தலை மேல ஒரே கொட்டு. என் தலையில மட்டும் கொட்டியிருந்தா பரவாயில்ல. கையில இருந்த போனும் குளிச்சுச்சு. "டிர்ர்"ன்னு ஒரு சத்தம், ஒரு நீல வெளிச்சம், அப்புறம் ஒண்ணுமில்ல.

"தெரியாமல் கவிண்டு போச்சு தம்பி"ன்னாரு மாஸ்டர். முகத்துல ஒரு சாந்தம். தெரியாமக் கவுந்ததுதானான்னு எனக்கு இன்னைக்கும் சந்தேகம் இருக்கு.

இப்ப கூட்டத்துக்கு ரெண்டு கேள்வி. ஒண்ணு, மேட்ச் என்னாச்சு? ரெண்டு, இவனை என்ன செய்யலாம்?

நான் ரோட்டைப் பாத்தேன். பஸ் வர இன்னும் நேரம் இருக்கு. ஓடலாம்னா ஒரு பக்கம் பாத்ரூம் சுவர், மத்தப் பக்கம் பாக்கியம் அக்கா. சுவர் பரவாயில்லன்னு தோணுச்சு.

அப்பதான் அக்கா சாவகாசமாச் சொன்னாங்க, "சண்டையை அப்புறம் வச்சுக்குவோம். எங்க வீட்டு ரேடியோவைப் போட்டா மேட்ச் கேட்டுரலாம்ல."

"ரேடியோவா!"ன்னு கத்துனேன். "அக்கா, ரேடியோ இருக்குதுன்னு ஏன் முதல்லயே சொல்லலை?"

"நீதான் படம் காட்டுறேன்னு கல்லு மேல ஏறி நின்ன. யாரு என்கிட்ட ரேடியோ கேட்டா?"

எல்லாரும் அக்கா வீட்டுக்கு ஓடுனோம். ரேடியோ பாட்டரி வீக்கு. அக்கா அதைக் கழட்டி அடுப்பு மேட்டுல வச்சு சூடு காட்டுனாங்க. மூச்சு விடாம நிக்கிறோம். திரும்பப் போட்டுத் திருகுனா, உள்ள ஒரு சிங்கள அறிவிப்பாளர் கத்துற கத்துல, பேச்சு புரியிறதுக்கு முன்னாலயே விஷயம் புரிஞ்சுச்சு.

இலங்கை ஜெயிச்சிருச்சு!

அப்புறம் நடந்ததைச் சொல்லணுமா? தகரத்தைத் தட்டுறாங்க, விசில் அடிக்கிறாங்க. யாரோ என்னையும் கட்டிப் பிடிச்சாங்க, அடுத்த நொடி நான் யாருன்னு ஞாபகம் வந்து விட்டுட்டாங்க. மாஸ்டர் குடையைச் சுருக்கி வச்சுட்டு ரெண்டு கையையும் உதறி உதறி ஆடுனாரு. சந்தோஷத்துலயா, மரத்துப் போனதாலயான்னு தெரியலை.

இலங்கை தோத்திருந்தா இந்தக் கதையை உங்களுக்கு வேற யாராச்சும்தான் சொல்லியிருப்பாங்க.

சிம்மையெல்லாம் திருப்பி வாங்கிக்கிட்டு, வாங்குன காசையெல்லாம் அங்கயே கொடுத்துட்டேன். பாக்கியம் அக்கா மாத்திக் கட்டிக்க ஒரு காஞ்ச சாரமும் சுடச்சுடப் பிளேன்டீயும் கொடுத்தாங்க. "வயித்துப் பொழைப்புக்குத்தானே வந்த. உன் முதலாளியை வரச் சொல்லு, அவருக்குத் தனியா ஒரு குடை வச்சிருக்கோம்"ன்னாங்க.

பஸ் வந்துச்சு. மாஸ்டர் முச்சந்தி வரைக்கும் வந்து வழியனுப்புனாரு. குடையை விரிச்சு எனக்கும் சேத்துப் பிடிச்சாரு. நேராத்தான்.

"தம்பி, அடுத்த கிழமை மேட்சுக்கு நீர் கட்டாயம் வரவேணும்."

எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. "வாறேன் மாஸ்டர். வேற போன் கொண்டு வாறேன்."

"போன் வேண்டாம்."

மறுநாள் கடையில முதலாளி கேட்டாரு, "என்னடா, தோட்டத்தைப் பிடிச்சியா?"

"பிடிச்சுட்டேன் முதலாளி. லயம் முழுக்க ஓடர் கொடுத்திருக்கு."

"அப்படிப் போடு! எந்த சிம்?"

"ரேடியோ பாட்டரி."