போட்டுக் காட்டச் சொன்ன கேசட்

சும்மா இருந்தாலே ஜெயித்திருக்கும் வழக்கை எழுந்து நின்று தோற்ற வக்கீல் தர்மபுரி மாவட்டத்திலேயே நான் ஒருவன்தான். (வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள், சங்கம் ஆரம்பிக்கலாம்.) தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். தவளையாவது தான் மட்டும் கெடும்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது. தியேட்டரில் ஓடுகிற படம் கேசட்டாகி, சந்தைக் கொட்டகையிலும் ஓடத் தொடங்கிய காலம். அதைத் தடுக்க காப்பிரைட் சட்டத்தைப் புதிதாகத் திருத்தியிருந்தார்கள். காரிமங்கலத்தில் கொட்டகை போட்டு வீடியோ காட்டிய மாதையனைப் போலீஸ் பிடித்து, கேசட் ஓட்டும் டெக், டி.வி., ஒரு கேசட் மூன்றையும் அள்ளிக்கொண்டு போனது. கறவை மாட்டையும் மனைவி சின்னத்தாயியின் கம்மலையும் விற்று வாங்கிய டெக். கேஸ் தோற்றால் அது திரும்பி வராது. சீனியர் இல்லாமல் நான் நடத்திய முதல் வழக்கும் அதுதான்.

கேஸில் உயிரே இல்லை. கேசட்டில் லேபிள் கிடையாது. பறிமுதல் மகஜரில் கையெழுத்துப் போட்ட சாட்சி, "நான் சந்தைக்குப் புளி விக்க வந்தவனுங்க, எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்று சொல்லிவிட்டார். அரசு வக்கீல் சுவரில் இருந்த பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "உங்க தரப்புல ஏதாவது சொல்றதுக்கு இருக்கா?" என்று மாஜிஸ்ட்ரேட் கேட்டார். "இல்லை ஐயா" என்று சொல்லியிருந்தால் போதும்.

நான்தான் மதராஸில் படித்தவன் ஆயிற்றே! எழுந்தேன். "கனம் கோர்ட்டார் அவர்களே, இது வெறும் கறுப்பு நாடா. இதற்குள் சினிமா இருக்கிறது என்பதற்கு என்ன அத்தாட்சி? போட்டுக் காட்டட்டும்!" என்று மேஜையைத் தட்டினேன். அரசு வக்கீல் பல்லியை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். அவ்வளவு பாசமாக அவர் யாரையும் பார்த்ததில்லை.

"சரி, போட்டுப் பாத்துடுவோம்" என்றார் மாஜிஸ்ட்ரேட். சான்றுப் பொருளாகக் கிடந்த டெக்கை டி.வி.யோடு இணைக்க அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. மாதையனே கூண்டிலிருந்து இறங்கி வந்து, பயபக்தியோடு இணைத்துக் கொடுத்துவிட்டு மறுபடி கூண்டில் ஏறிக்கொண்டார். வாய்தாவுக்கு வந்த கூட்டமெல்லாம் உள்ளே புகுந்துவிட்டது. கதாநாயகன் வந்ததும் எவனோ விசில் அடித்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இது கோர்ட்டா, கொட்டகையா?

இருந்தாலும் நான் கலங்கவில்லை. 'சினிமா இருக்கட்டும், இது மாதையனின் கேசட் என்று யார் சொன்னது?' என்ற அடுத்த கேள்வியைத் தயாராக வைத்திருந்தேன். அதைக் கேட்க வாயைத் திறந்தபோது திரையின் அடியில் மஞ்சள் எழுத்து ஓடியது. பெஞ்சு கிளார்க் சத்தமாக வாசித்தார்: "மாதையன் வீடியோஸ், சந்தைத் தெரு, காரிமங்கலம். கல்யாணம், காதுகுத்துக்கு டெக் வாடகைக்குக் கிடைக்கும்."

"ஏம்ப்பா, திருட்டு கேசட்டுல எவனாவது பேரு, அட்ரஸ் போடுவானா?" மாஜிஸ்ட்ரேட்டுக்கே தாங்கவில்லை.

"வக்கீல் சார்தானுங்க சொன்னாரு" என்று மாதையன் என்னைக் கை காட்டினார். "புதுச் சட்டத்துல பேரு, அட்ரஸ் கட்டாயம் போடணும்னு டீக்கடையில சொன்னாருங்க. அதான் சேலத்துக்குப் போயி எழுத்து ஓட வுட்டு வந்தனுங்க. எல்லாம் சட்டப்படி இருக்கட்டும்னு."

சொன்னேன்தான். கேஸ் வருவதற்கு மாதக்கணக்கில் முன்னால், வடை மடித்துக் கொடுத்த காகிதத்தில் படித்துவிட்டுச் சொன்னேன். படத்தின் உரிமையை முறையாக வாங்கியவன்தான் பேர் போட வேண்டும் என்ற பகுதி அந்தக் காகிதத்தில் இல்லை. (மீதி யார் வடைக்குப் போனதோ!)

தீர்ப்பு அன்றைக்கே வந்தது. அபராதம், டெக் பறிமுதல். வெளியே வந்ததும் மாதையன் மேல் பாய்ந்தேன். "எழுத்து ஓடுதுன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாய்யா?"

"நீங்க சொல்லித்தானுங்களே போட்டேன். உங்களுக்குத் தெரியாதுன்னு எனக்கு எப்படீங்க தெரியும்?"

சின்னத்தாயி சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். "சார், ஜட்ஜய்யா ஏதாச்சும் சொல்ல இருக்கான்னு கேட்டப்ப நீங்க பேசாம இருந்திருந்தா, டெக்கு வூடு வந்து சேந்திருக்குங்களா?" என்று மட்டும் கேட்டார். அப்பீல், செஷன்ஸ் என்று ஏதோ உளறினேன். அவ்வளவு வெட்கம் என் வாழ்நாளில் பட்டதில்லை.

பக்கத்தில் நின்று இதைக் கேட்ட என் குமாஸ்தா, என் கல்யாணம் முடிந்த மறுவாரமே என் மனைவியிடம் ஒப்பித்துவிட்டார். இப்போது என் மகளும் வக்கீல். இன்டர்நெட் கேஸ்கள்தான் பார்க்கிறாள். போன மாதம் எதிர்த்தரப்பு ஒரு செல்போன் வீடியோவைத் தாக்கல் செய்ததாகச் சொன்னாள். எனக்கு ரத்தம் கொதித்தது. "அதெப்படி? கோர்ட்டில் போட்டுக் காட்டச் சொல்லு!" என்று எழுந்தேவிட்டேன்.

மகள் நிமிரக்கூட இல்லை. சமையலறையிலிருந்து மனைவிதான் சொன்னாள்: "பேசாம உக்காருங்க. டெக்கு வூடு வந்து சேரட்டும்."