டம்ளர் பாயும் என் பெரிய டயர்களும்

வடசென்னையில் டோல்கேட்டிலிருந்து எண்ணூர் வரை மனிதனின் ரத்தக் கொதிப்பை ஏற்றும் விஷயங்கள் ஏராளம். கண்டெய்னர் லாரி வரிசை இருக்கிறது, ரயில்வே கேட் இருக்கிறது, மழை பெய்தால் பள்ளம் எது ரோடு எது என்று தெரியாத ரோடு இருக்கிறது. இவை அத்தனையையும் ஒன்றாகக் கட்டி, கைலி உடுத்தி, காதில் பென்சில் செருகி, முக்காலியில் உட்கார வைத்தால் அதுதான் டம்ளர் பாய். மெக்கானிக். கல்மண்டபத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் தகர ஷெட். ஹார்பர் டிரெய்லர் லாரிகளின் வயிற்றுக்கடியிலேயே அறுபது வயது வரை காலம் தள்ளியவர். நிஜப் பெயர் என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டால், "பேரு தெரிஞ்சி இன்னா, ரேஷன் கார்டா போடப் போற?" என்பார்.

நான் அவரிடம் போய் மாட்டிக்கொண்டதற்குக் காரணம் என் இடது முட்டி. எட்டு வருஷத்துக்கு முன்னால் பைக் விபத்து. உள்ளே பிளேட்டும் ஸ்க்ரூவும் வைத்துத் தைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து அந்தக் கால் மடங்குவதில்லை. உட்கார்ந்தாலும் நீட்டிக்கொண்டுதான் இருக்கும். தியேட்டரில் முன்சீட்டுக்காரர் திரும்பித் திரும்பி முறைப்பார்.

எனக்கு எண்ணூரில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர் வேலை. கம்பெனி பஸ்ஸின் படி உயரம். தினமும் காலையில் கிளீனர் என் அக்குளில் கை கொடுத்து, "ஐலேசா!" என்று சத்தம் போட்டு, அரிசி மூட்டையைப் போல் தூக்கி ஏற்றுவார். தங்கமான மனுஷன். அதுதான் இன்னும் கொடுமை, திட்டவும் முடியாது. நாற்பது வயதைத் தாண்டியவன், பஸ் முழுக்கக் கூட வேலை செய்கிறவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, தினம் இன்னொருவர் தூக்கிவிட்டு ஏறுவது எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. வெட்கமாக இருக்கும். அவ்வளவுதான்.

அதனால் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி ஓர் ஆட்டோமேட்டிக் கார் வாங்கினேன். பழசுதான். ஆனால் கிளட்ச் கிடையாது. சீட்டைக் கடைசிவரை பின்னால் தள்ளினால் இடது கால் நீட்டிக்கொள்ளும். பிரேக், ஆக்ஸிலேட்டர் இரண்டுக்கும் வலது கால் ஒன்றே போதும். முதல் நாள் நானே ஏறி, நானே கதவைச் சாத்தி, நானே எண்ணூருக்குப் போய் இறங்கியபோது கேட்டில் நின்ற வாட்ச்மேனுக்குக் காரணமே இல்லாமல் ஒரு சல்யூட் வைத்தேன்.

நல்லாத்தானே போய்க்கொண்டிருந்தது? சும்மா இருந்தேனா? பள்ளங்களில் வண்டியின் அடிவயிறு இடித்தது. என் மச்சான் இருக்கிறானே, மனைவியின் தம்பி, எதிலும் ஒரு ஐடியா வைத்திருப்பவன், "பெருசா டயர் போடு மாமா, சும்மா கலெக்டர் வண்டி மாதிரி நிக்கும்" என்றான். போட்டேன். நின்றது. நின்றதுதான் பிரச்சினை, கிளம்பவே மாட்டேன் என்றது. அழுத்தினால் யோசிக்கும். கியர் இரண்டுக்குப் போகும், உடனே மனசு மாறி ஒன்றுக்கு வரும், மறுபடி இரண்டுக்குப் போகும். ஒவ்வொரு தடவையும் ஓர் உதறல். மேம்பாலம் ஏறினால் ஆயில் கருகுகிற வாசனை.

மச்சானே ஒரு லேப்டாப்காரரிடம் கூட்டிப் போனான். அவர் ஒயரைச் செருகி, இன்ஜினை ட்யூன் பண்ணிவிட்டேன் என்றார். அதுவரை வண்டி சும்மா நகராமல் இருந்தது. அதன்பின் கத்திக்கொண்டு நகராமல் இருந்தது. போகும்போது, "கியர் பாக்ஸ் சூடாகுது சார். போச்சுன்னா வண்டி விலையை விட அது செலவு" என்று குண்டைப் போட்டார். கியர் பாக்ஸ் போனால் எனக்கு அந்தப் பஸ்தான். வேறு வழி கிடையாது. ராத்திரியெல்லாம் காதில் ஐலேசா கேட்டது.

இந்தக் கட்டத்தில்தான் டம்ளர் பாய். வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினேன். பானெட்டைத் திறப்பார் என்று பார்த்தால், எவர்சில்வர் டம்ளரில் விளிம்புவரை தண்ணீர் பிடித்து வந்து, கியர் லீவருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "ஓட்டு" என்றார். டோல்கேட் வரை போய்த் திரும்பினோம். ஒவ்வொரு கியருக்கும் ஒரு வாய் தண்ணீர் என் பேண்ட்டில். திரும்பி வந்து டம்ளருக்குள் பென்சிலை விட்டு ஆழம் பார்த்தார்.

"முக்கா டம்ளர் போச்சி நைனா. பேஜாருதான்."

"என் பேண்ட்டும்தான் போச்சி பாய். வண்டிக்கு இன்னா?"

"இன்ஜின்ல ஒண்ணும் இல்ல. சின்ன டயரு நாலு சுத்து சுத்துற தூரத்த, இது மூணே முக்கா சுத்துல முடிச்சிடுது. கியர் பொட்டி இன்னா நெனைக்குது? வண்டி மெதுவாப் போதுன்னு நெனைக்குது. இந்தாண்ட, பெரிய டயர உருட்ட தம்மு ஜாஸ்தி வோணும். மேல போலாமா, கீழ வர்லாமான்னு புது மாப்ள மாட்டம் முழிச்சிகினு கீது."

"அப்போ பழைய டயரையே மாட்டிடு."

"மாட்டிட்டு? பள்ளத்துல ஆயில் சட்டி ஒடைஞ்சா நடந்தா போவ? இந்த ரோட்டுக்கு இந்த டயருதான். பொட்டியப் பழக்கிக்கலாம்."

பழக்கினார். கியர் பொட்டிக்குப் போகும் கேபிளை இழுத்துக் கட்டினார். ஆயில் சூடாகாமலிருக்க எந்த வண்டியிலிருந்தோ கழற்றிய ஒரு சின்ன ரேடியேட்டரை முன்னால் பொருத்தினார். அடுத்து லோடு டெஸ்ட் என்றார். டிரெய்லர் மெக்கானிக் புத்தி, காலி வண்டி ஓடுவதை ஓட்டமென்றே ஒத்துக்கொள்ள மாட்டார். எண்பது கிலோ நான் போதாதா என்றேன். என்னை லோடாகவே மதிக்கவில்லை. ஹார்பரிலிருந்து கூடையோடு வந்துகொண்டிருந்த நான்கு மீன்காரம்மாக்களைக் கைதட்டிக் கூப்பிட்டார்.

"எக்கா, டோல்கேட்டாண்டதான போற? இதுல குந்து."

நான் வாயைத் திறப்பதற்குள் நான்கு பேரும் ஏறியாகிவிட்டது. கூடைகள் பின்னால், மடியில், என் தோள் மேல். மேம்பாலத்தில் வண்டி அழகாக இழுத்தது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் பின்சீட்டிலிருந்து ஓர் அம்மா, "இன்னா சாரு, ஏசிய நல்லா வையி. மீனு கெட்டுப்பூடும்ல?" என்று அதட்டினார். வைத்தேன். வீட்டுக்கு வந்ததும் என் மனைவி கார்க் கதவைத் திறந்து, மூடி, இரண்டடி பின்னால் போய் நின்று, "வண்டிய மெக்கானிக்காண்ட உட்டியா, மார்க்கெட்ல உட்டியா?" என்று கேட்டாள்.

சரி, தொலையட்டும், வண்டி சரியானால் போதும் என்று பார்த்தால், அங்கேதான் வில்லங்கம். பாய் ஓட்டினால் டம்ளரில் ஒரு சொட்டு சிந்தாது. நான் ஓட்டினால் பழையபடி என் பேண்ட். அதே வண்டி, அதே ரோடு.

"இன்னாடா இது, ஆளப் பாத்து ஆடுது?" என்று பாய் காதைச் சொறிந்தார். பிறகு என் பக்கத்துச் சீட்டுக்கு முன்னால், கால் வைக்கிற இடத்தில் சுருண்டு படுத்துக்கொண்டு, "நீ பாட்டுக்கு ஓட்டு" என்றார். ராயபுரம் சிக்னலில் டிராஃபிக் போலீஸ்காரர் கண்ணாடியைத் தட்டினார்.

"கீழ யாரு?"

"மெக்கானிக் சார்."

"அவரு எதுக்குக் கீழ கீறாரு?"

கீழேயிருந்து குரல் வந்தது: "இவுரு கால பாத்துகினு கீறேன் சார். டிஸ்டர்ப் பண்ணாத."

அந்தப் போலீஸ்காரர் என்னைப் பார்த்த பார்வையை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். ஷெட்டுக்கு வந்ததும் பாய் எழுந்து, கைலியைத் தட்டிக்கொண்டு கேட்டார்: "அந்தக் காலு அவ்ளோதானா? மடங்கவே மடங்காதா?"

எட்டு வருஷமாகச் சொந்தக்காரர்கள்கூடச் சுற்றி வளைத்துத்தான் கேட்பார்கள். இந்த ஆள் துருப்பிடித்த போல்ட்டைப் பற்றிக் கேட்கிற மாதிரி கேட்டார். எனக்குச் சுருக்கென்றது.

"என் காலு உனக்கு எதுக்கு பாய்? வண்டியப் பாரு."

"வண்டியத்தான் பாத்துகினு கீறேன். ஒரு வாரம் உட்டுட்டுப் போ."

"ஒரு வாரம்னா ஒரு வாரம். அதுக்கு மேல என்னால அந்தப் பஸ்ல ஏற முடியாது பாய்." அவர் பென்சிலை எடுத்து இன்னொரு காதில் செருகிக்கொண்டார்.

திங்கட்கிழமை பஸ் வந்தது. "வா சார், எங்கள அடியோட மறந்துட்டியே!" என்று கிளீனர் பாசம் பொங்க இறங்கி வந்தார். ஐலேசா. செவ்வாய், ஐலேசா. புதன்கிழமை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோது பக்கத்தில் ஒரு கார் பஸ்ஸை முந்திக்கொண்டு போனது. என் கார். உள்ளே பாய், சீட்டைக் கடைசிவரை தள்ளி மல்லாந்த மாதிரி உட்கார்ந்து, ஏதோ ஜமீன்தார் தோரணையில் ஓட்டிக்கொண்டிருந்தார். போன் பண்ணினேன்.

"ஓட்டிகினு கீறேன். வண்டி ஓட்டச் சொல்லோ போன் பேசக் கூடாது" என்று கட் பண்ணிவிட்டார்.

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் அதே கூத்து. இங்கே என்னை மூட்டை மாதிரி ஏற்றுகிறார்கள், அங்கே இவர் என் பெட்ரோலில் எண்ணூருக்குக் காற்று வாங்கப் போகிறார். வயிறு எரிந்தது. சனிக்கிழமை காலையில் ஆட்டோ பிடித்து ஷெட்டுக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன். நாலு கேள்வி கேட்காமல் திரும்புவதில்லை என்று.

கார் வந்து நின்றது. கதவு திறந்தது. முதலில் ஒரு கால் வெளியே வந்தது, நேராக, விறைப்பாக. தொடையிலிருந்து கணுக்கால் வரை இரண்டு பக்கமும் பலகை வைத்து, சைக்கிள் ட்யூபால் சுற்றிச் சுற்றிக் கட்டியிருந்தது. பாய் கதவைப் பிடித்து எழுந்தார், தடுமாறி உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். நான் தினமும் இறங்குகிற அதே மாதிரி. எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது.

"இன்னா பாய், என்னிய நடிச்சிக் காட்டறியா?"

"நடிக்கறதுக்கு எனக்கு வேற வேல இல்ல பாரு! நாலு நாளா இத்தக் கட்டிகினு, நீ போற டயத்துக்கு நீ போற ரோட்ல ஓட்டிகினு கீறேன். தொடையெல்லாம் கன்னிப் போச்சி." முக்காலியில் விழுந்து ட்யூபை அவிழ்த்தார். "எல்லாரும் பள்ளம் வந்தா எடது காலத் தரைல ஊனிக்கிறான். உனுக்கு ஊன எடமே இல்ல. ஒடம்பு வழுக்குது. சீட்டு அம்மாந்தூரம் பின்னால கீது, வலது காலு நுனிலதான் ஆக்ஸிலேட்டரத் தொடுது. ஒடம்பு ஆடனா காலு ஆடுது. தோ அமுக்கறான், தோ உட்டுட்டான்னு பொட்டி மெர்சலாவுது. பழைய டயர்ல எப்டியோ தாங்கிச்சி. பெருசுல தாங்கல."

கேட்க வைத்திருந்த நாலு கேள்வியும் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

பாய் உள்ளே போய் ஒரு தடித்த இரும்புத் தகட்டை எடுத்து வந்தார். சாய்வாக வெட்டி, மேலே டயர் ரப்பர் ஒட்டி, அடியில் கால்கள் வெல்டிங் பண்ணியிருந்தார். காருக்குள் என் இடது பாதம் எங்கே போய் முடிகிறதோ சரியாக அந்த இடத்தில் போல்ட் போட்டு முடுக்கினார். "குந்து. மிதி" என்றார்.

"அந்தக் கால்ல எப்டி பாய் மிதிக்கறது?"

"முட்டிதான் மடங்காது. இடுப்பு செத்தா பூடுச்சி? மிதி நைனா."

மிதித்தேன். பாதம் ரப்பரில் அழுந்தியது. முதுகு சீட்டில் போய்ச் சேர்ந்து, உடம்பு அசையாமல் நின்றது. திங்கட்கிழமை கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவில், அத்தனை பள்ளத்திலும் இறங்கி ஏறி, நானே எண்ணூருக்குப் போனேன். ஒரு கியர்கூட மனசு மாறவில்லை.

அதற்காக அந்த ஆளை நான் மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். பெரிய டயரால் ஸ்பீடோமீட்டர் இன்னும் குறைத்துத்தான் காட்டுகிறது; கேட்டால், "கண்ணு இல்ல? ரோடப் பாத்து ஓட்டு" என்கிறார். தினமும் விடியற்காலையில் போன் பண்ணி எழுப்பி, "பொட்டி எப்டி கீது?" என்று விசாரிக்கிறார். நான் எப்படி இருக்கிறேன் என்று ஒரு நாள் கேட்டதில்லை. தினமும் திட்டிக்கொண்டேதான் வண்டியில் ஏறுகிறேன். இடது காலைத் தகட்டில் ஊன்றியதும் திட்டு பாதியில் நின்றுவிடுகிறது. எட்டு வருஷமாகச் சும்மா என் கூட வந்துகொண்டிருந்த காலுக்கு அந்த மனுஷன் ஒரு வேலை வாங்கிக் கொடுத்திருக்கிறாரே.