ஆடி மாதத்தில் ஒரு ப்ளூஸ்

மனைவி பிறந்த வீட்டுக்குப் போயிருக்கும்போது கணவன் செய்யக்கூடாத காரியங்கள் நிறைய உண்டு. சீட்டாடக்கூடாது, இரண்டாம் ஆட்டம் சினிமாவுக்குப் போகக்கூடாது என்று ஆளுக்கொரு பட்டியல் வைத்திருப்பார்கள். என்னைக் கேட்டால், முதலில் வானொலியில் பேசக்கூடாது என்பேன்.

எழுபதுகளின் கடைசியில் நாமக்கல்லில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் வேலை பார்த்தேன். பம்பாய் லைன் ஓட்டும் டிரைவர் ஒருவர், அங்கே பழைய சாமான் கடையில் சல்லிசாகக் கிடைத்ததென்று இரண்டு இசைத்தட்டுகளை என் மேஜையில் கொண்டுவந்து போட்டார். அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ். பருத்திக்காட்டில் வெந்து நொந்தவர்கள் கிடாரை மடியில் வைத்துக்கொண்டு பாடிய துயரப் பாட்டு. ஒரு அடியைப் பாடுவார்கள், அதே அடியை மறுபடியும் பாடுவார்கள், மூன்றாவது அடியில் ஒரே குத்தாகக் குத்துவார்கள். நான் சொக்கிப் போனேன். தட்டுகள் தேயத் தேயக் கேட்டு, சேலத்துக்கும் கரூருக்கும் இடையே ப்ளூஸ் இசையின் ஒரே நிபுணன் ஆனேன். (போட்டிக்கு ஆளில்லாத துறையில் நிபுணனாவது சுலபம்.)

அந்தத் திமிரில் வானொலி நிலையத்துக்கு எழுதிப் போட்டேன். இளைஞர் நிகழ்ச்சியில் கால் மணி நேரம் ப்ளூஸ் பாட்டுகளைப் போட்டு விளக்கம் சொல்ல அழைத்துவிட்டார்கள். நன்றாக அமைந்தால் மாதாமாதம் என்று வேறு சொன்னார்கள். நிகழ்ச்சி ஆடிப் பதினெட்டுக்கு முந்தின நாள் சாயங்காலம்.

இங்கேதான் என் ஜாதகம் வேலை செய்தது. அது எங்களுக்குத் தலை ஆடி. கல்யாணமாகி மூன்று மாதம்கூட ஆகவில்லை. மாதம் பிறந்த அன்றே மாமனார் பரமத்தி வேலூரிலிருந்து வந்து, ஒரு கட்டு வெற்றிலையை என் கையில் கொடுத்துவிட்டு, மகள் சரோஜாவை அழைத்துக்கொண்டு போய்விட்டார். வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் மனிதர். மீசை மட்டும் போலீஸ்காரர் மீசை. அதைப் பார்த்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். இந்த நிகழ்ச்சியைக் கேட்டாவது மாப்பிள்ளை பெரிய ஆள் என்று அவர் நினைக்கட்டும் என்று, "சொந்தபந்தம் எல்லாத்தையும் ரேடியோ முன்னால உக்கார வெச்சுருங்க" என்று சரோஜாவுக்குச் சொல்லி அனுப்பினேன்.

நிலையத்துக்குப் போகும் பஸ்ஸில் நல்ல கூட்டம். தட்டுகள் நசுங்கிவிடக்கூடாதே என்று டிரைவர் பக்கத்தில், என்ஜின் மூடியின் மேல் பையைப் பத்திரமாக வைத்தேன். இறங்கும்போது பை கதகதவென்று இருந்தது. நல்ல சகுனம் என்று நினைத்தேன்.

அன்றைக்குப் பார்த்து ஒலிப்பதிவு இயந்திரம் பழுது. நேரடி ஒலிபரப்பு. சிவப்பு விளக்கு எரிந்தது. "அன்பார்ந்த நேயர்களே, அமெரிக்காவில் துன்பப்பட்ட மக்கள் பாடிய பாட்டு இது" என்று முன்னுரையைக் கச்சிதமாகச் சொல்லி முடித்து, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரிக்குச் சைகை காட்டினேன். அவர் உறையிலிருந்து தட்டை எடுத்தார். பொரித்த அப்பளம்! முள்ளை வைத்தார், அது தவளை மாதிரி துள்ளி வெளியே விழுந்தது. இரண்டாவது தட்டு அதைவிட நன்றாகப் பொரிந்திருந்தது. அதிகாரி நெற்றியில் அடித்துக்கொண்டார். பிறகு 'பேசு, பேசு' என்று கையைச் சுழற்றினார்.

பாட்டில்லாமல் பதினாலு நிமிஷம் என்னத்தைப் பேசுவது? அந்தத் தட்டில் வந்த ஒரு பாட்டின் அர்த்தத்தை நானே தமிழில் பாடத் தொடங்கினேன். பயத்தில் குரல் தானாகவே அழுதது.

"காத்தால எந்திரிச்சேன், அவளக் காணோமுங்க. காத்தால எந்திரிச்சேன், அவளக் காணோமுங்க. பாலு பொங்கி அடுப்பும் அணஞ்சு போச்சுங்க."

அதிகாரி முகத்தில் உயிர் வந்தது. இன்னும் இன்னும் என்று கை சுழன்றது. எனக்குத் தெரிந்த அமெரிக்கத் துயரம் இரண்டே நிமிஷத்தில் தீர்ந்துபோனது. கைவசம் மிச்சம் இருந்தது நாமக்கல் துயரம் மட்டும்தான்.

"மீசக்காரன் வந்தான், கூட்டிட்டுப் போனான். மீசக்காரன் வந்தான், கூட்டிட்டுப் போனான். ஒரு கட்டு வேலூரு வெத்தலயக் குடுத்துட்டு என்ர உசுரக் கொண்டு போனான்."

(இலக்கணம் பிசகக்கூடாது என்று ஒவ்வொரு வசவையும் இருமுறை பாடினேன்.)

வெளியே வந்ததும் அதிகாரி கையைக் குலுக்கினார். "உருக்கிட்டீங்க சார்!" நான் ஒரு சாண் உயரத்தில் மிதந்தபடி வீடு திரும்பினேன்.

மறுநாள் ஆடிப் பதினெட்டு விருந்துக்கு வேலூர் போனேன். பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்து, டீயோடு ஒரு பன்னையும் சேர்த்து நீட்டினார். "சாப்பிடுங்க தம்பி. ஒடம்பப் பாத்துக்கோங்க." ரசிகர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மாமனார் வீட்டு வாசலில் பங்காளிகள் வரிசையாக நின்றார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. மாமனார் மீசையை முறுக்கினார்.

"வாங்க மாப்ளே" என்றார். கொஞ்சம் நிறுத்தி மறுபடியும், "வாங்க மாப்ளே" என்றார். பிறகு, "மீசக்காரன் ஊட்டுக்கு வழி தெரிஞ்சுதுங்களா?"

நடந்தது அப்புறம்தான் தெரிந்தது. அவர்கள் வீட்டு ரேடியோ பழைய வால்வு செட். சூடேறி வாய் திறக்கவே நேரமாகும். அது வாய் திறந்தபோது என் முன்னுரை முடிந்து, அவளைக் காணோம் என்று நான் அழுதுகொண்டிருந்திருக்கிறேன். ஊரில் மற்ற ரேடியோக்களும் அதே நேரத்துக்குத்தான் வாய் திறந்திருக்கின்றன.

மாமனாரின் அண்ணன் முன்னால் வந்தார். "ஏனுங் மாப்ளே, எங்க புள்ளைய ஆடிக்குத்தானுங் கூட்டியாந்தோம். களவாண்டுட்டா வந்தோம்?"

"அது நானில்லீங் மாமா. அமெரிக்காக்காரன் பாடுனதுங்."

"அமெரிக்காக்காரனுக்கு வேலூரு வெத்தல எப்புடீங் தெரியும்?"

நான் குனிந்து வாசலில் கிடந்த செருப்புகளை எண்ணத் தொடங்கினேன்.

மாமியார் முந்தானையால் மூக்கைத் துடைத்தார். "கடவீதியில தல காட்ட முடியலீங் மாப்ளே. உங்க பொண்ணு வாழலீங்களாமான்னு மீன் விக்கறவ வரைக்கும் கேக்கறா."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் பாடியது பாட்டல்ல. ஒரு பெண் புகுந்த வீட்டை விட்டு ஓடிவந்துவிட்டாள் என்று நாலு மாவட்டத்துக்குத் தண்டோரா போட்டிருக்கிறேன். இனி மாமனார் பெண்ணை அனுப்புவாரா?

"சரோஜா!" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார் மாமனார். "பொட்டியக் கட்டு சாமி."

"எங்கீங்கப்பா?"

"உன்ர ஊட்டுக்குத்தான். இன்னைக்கே, இப்பவே."

மாமியார் பதறினார். "ஆடியிலயா? ஏனுங்க, நாள் கெழம இல்லையா? அப்புறம் சித்திரையில..."

"சித்திரைய அப்பறம் பாத்துக்கலாம். இன்னைக்கு ஊரு வாய அடைக்கோணும். ரெண்டு பேரும் ஆத்துக் கூட்டத்துக்கு நடுவுல புகுந்து, கடவீதி வழியா, ஒட்டி ஒட்டி நடந்தே பஸ் ஸ்டாண்டுக்குப் போங்க. நான் பின்னால வாரேன்."

ஊர்வலம் கிளம்பியது. முன்னால் நானும் சரோஜாவும், பின்னால் தலையில் பெட்டியோடு மாமனார். காவிரிக்குப் புதுப்பெண்களும் முளைப்பாரிகளுமாகப் போய்க்கொண்டிருந்த கூட்டம் மொத்தமும் நின்று எங்களைத்தான் பார்த்தது. யாராவது முறைத்தால் மாமனார், "புருசனும் பொஞ்சாதியும் நல்லாத்தானுங் இருக்காங்க!" என்று கத்துவார். "கொஞ்சம் சிரிங் மாப்ளே" என்று என் முதுகில் ஒரு இடி வேறு.

பஸ் ஏறியதும் சரோஜா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளே என்று நான் தவித்தேன். திரும்பினாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, பாலு பொங்குனது நெசமா?"

"நெசம். அந்தப் பாட்டுல அது மட்டும் என்ர சரக்கு."

"எங்கம்மா சீரா குடுத்த பாத்திரத்துலயா?"

"ஆமா."

"அத மட்டும் ரேடியோவுல சொல்லாம உட்டிருக்கலாமுங்க."

வானொலி நிலையம் என்னை மறுபடி கூப்பிடவில்லை. ஊர் வாய் அந்த ஊர்வலத்தோடு அடங்கியது. மாமியார் பயந்த மாதிரியே, அடுத்த சித்திரையில், அக்னி நட்சத்திரத்தில், எங்கள் மகள் பிறந்தாள். விரல் விட்டு எண்ணாத சொந்தக்காரர் இல்லை. வசந்தி என்று பெயர் வைத்தோம். வேலூரில் ஒருவரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவர்களுக்கு அவள் 'ரேடியோ'. பள்ளிக்கூட லீவுக்குப் போய் இறங்கினால், "ரேடியோ வந்துருச்சு டோய்!" என்று தெருமுனையிலேயே கூவுவார்கள்.

அந்த ரேடியோவுக்குப் போன வருஷம் கல்யாணம் முடித்தோம். ஆடி பிறந்ததும் மாப்பிள்ளை வீட்டுக்கு மகளை அழைக்கப் போனேன். துணைக்கு என் மாமனாரும் வந்தார். மீசை முழுக்க நரைத்துவிட்டது, முறுக்கு மட்டும் குறையவில்லை. சம்பிரதாயமாக வெற்றிலை கொடுத்துவிட்டுக் கிளம்பும்போது, புது மாப்பிள்ளையைத் தனியே கூப்பிட்டு, என் காதில் விழும்படி சொன்னார்:

"புள்ளைய மாசம் முடிஞ்சு பத்திரமா அனுப்பி வெக்கறமுங். அதுவரைக்கும் நீங்க எங்க வேணா போங்க, வாங்க. மைக்கு இருக்கற பக்கம் மட்டும் போயிராதீங்க."