எதிர் நாற்காலியிலும் நானே

தனியாக இருப்பவனுக்குத் தன் கிறுக்குத்தனம் தெரிவதே இல்லை. எடுத்துச் சொல்ல இன்னொருவர் வேண்டுமல்லவா? எனக்குச் சொல்ல ஒரு மண்டபம் நிறைய ஆட்கள் கிடைத்தார்கள், அதுவும் ஒரே நேரத்தில்.

எண்பதுகளின் தொடக்கம். ஜவ்வாது மலையில் அரசு விதைக் கிடங்கில் எழுத்தர் வேலை. சாமை விதைப்பு முடிந்துவிட்டால் அங்கே ஈ, காக்கை எட்டிப் பார்க்காது. மழை பிடித்தால் ஆலங்காயத்து பஸ்ஸும் வராது. என் குரல் இன்னும் இருக்கிறதா என்று பார்ப்பதற்காகவே சில சாயங்காலங்களில் இருமிக்கொள்வேன்.

அப்போது வேலூரிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. இலாகா ஊழியர்களுக்குச் செஸ் போட்டி. ஜெயிப்பவருக்கு இலாகா அணியில் இடம். அணியில் இருப்பவர்களுக்கு வேலூரிலேயே வேலை. கோப்பையை யார் கேட்டார்கள்? எனக்கு வேண்டியது வேலூர். அங்கே டீக்கடை, சினிமாக் கொட்டகை, முக்கியமாக மனிதர்கள்.

என்னிடம் அட்டை கிழிந்த செஸ் புத்தகம் ஒன்று இருந்தது. அதில் ஒரு தொடக்கம் என்னைச் சொக்க வைத்தது. எல்லோரையும் போல நடுச் சிப்பாயைத் தள்ளிக்கொண்டு மல்லுக்குப் போக வேண்டாம். குதிரை வெளியே வரும், பக்கத்துச் சிப்பாய் ஒரு கட்டம் நகர்ந்து வழிவிடும், மந்திரி அந்த மூலையில் உட்கார்ந்து பலகையைக் குறுக்கே நோட்டம் விடுவார். பின்னாலேயே ராஜா கோட்டை கட்டிக்கொள்வார். நடுவை எதிராளிக்கு விட்டுவிட்டு, அவன் எப்படி வருகிறான் என்று பார்த்து, பக்கவாட்டிலிருந்து இடிக்க வேண்டும். முன்னே பின்னே வரிசையை மாற்றிக்கொள்ளவும் செய்யலாம். முழுக்க முழுக்க எதிராளியைப் பார்த்து வளைகிற ஆட்டம். என்னிடம் எல்லாம் இருந்தது, எதிராளியைத் தவிர.

அதனால் நானே எதிராளியானேன். வெள்ளையை நகர்த்திவிட்டு எழுந்து, மேசையைச் சுற்றிப்போய் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து கறுப்பை நகர்த்துவேன். ஒரே சங்கடம், கறுப்புக்காரனுக்கு என் திட்டமெல்லாம் முன்கூட்டியே தெரியும். தன் மந்திரியைக் கொண்டுவந்து என் மூலை மந்திரியின் வாசலிலேயே நிறுத்தி, வெட்டுக்கு வெட்டு என்று கணக்கைத் தீர்த்துவிடுவான், படுபாவி. (கொஞ்ச நாள் அவனோடு பேசாமல்கூட இருந்தேன்.)

புளி மூட்டையோடு அந்தப் பக்கம் போன காளியப்பன் ஒருநாள் ஜன்னலில் நின்று பார்த்தார்.

"இன்னா சார், அங்கயும் இங்கயும் மாறி மாறி குந்துறீங்க?"

"பழகுறேங்க."

"யாரு கெலிச்சது?"

"கறுப்பு."

"அப்போ அந்தாண்டயே குந்திக்கங்க சார்."

போட்டி நாள், வேலூர் மண்டபம். எனக்கு எதிரில் கணக்குப் பிரிவு சூப்பிரண்டு ஒருவர், நிதானமான மனிதர். குதிரை, சிப்பாய், மந்திரி, கோட்டை எல்லாம் வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போயின. எதிரில் ஓர் உயிருள்ள ஆள் மூச்சுவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதே எனக்குத் தாங்க முடியாத சந்தோஷம். ஓரத்துச் சிப்பாயைத் தள்ளி, என் முறை முடிந்ததென்று ஆட்டக் கடிகாரத்தைத் தட்டினேன். அவர் கன்னத்தில் கை வைத்து யோசிக்க ஆரம்பித்தார்.

நான் எழுந்தேன். மேசையைச் சுற்றிப் போய் அவர் பக்கத்தில் நின்றேன்.

"கொஞ்சம் எழுந்துக்கோங்க சார்."

"எதுக்குங்க?"

"கறுப்பு ஆடணும்."

அவரும் எழுந்துவிட்டார். (நான் சொன்ன தோரணை அப்படி!) அந்தச் சூடான நாற்காலியில் உட்கார்ந்து, கறுப்பு மந்திரியை என் மந்திரியின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தி, கடிகாரத்தையும் தட்டினேன். பக்கத்து மேசைக்காரர்கள் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்கள். அப்புறம் கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி சிரிப்பு.

நடுவர் ஓடிவந்தார். "இன்னாங்க இது? ஆளுக்கு ஒரு பக்கந்தாங்க!" என்று என்னைக் கிளப்பிவிட்டு, சூப்பிரண்டிடம், "காயைத் திருப்பி வெச்சிக்கலாங்க" என்றார்.

சூப்பிரண்டு குனிந்து பலகையைப் பார்த்தார். "வேணாங்க. நல்ல மூவாத்தான் கீது. இப்டியே இருக்கட்டும்."

மூலை மந்திரி போனதும் என் ராஜாவின் கோட்டை ஓட்டைப் பானையாயிற்று. தோற்றேன். வேலூர் போயிற்று.

மலையேறும் பஸ்ஸில் அழுதேன். அவர்கள் சிரித்ததற்காக அல்ல. அத்தனை பேர் நடுவில், எதிரில் ஒருவர் உட்கார்ந்திருந்தும், நான் தனியாகவே ஆடிவிட்டேனே என்றுதான். அதன்பின் மாற்றல் வரப் பல வருஷம் ஆயிற்று. கல்யாணம் அதற்கும் பிறகு.

இன்றும் வீட்டில், "கோயிலுக்குப் போலாமா? வேணாம், உனக்குக் கால் வலிக்கும்" என்று நானே கேட்டு நானே பதிலும் சொன்னால், "உங்க நாற்காலிக்குப் போங்க. என் காயை நான் நகர்த்திக்கிறேன்" என்பாள் மனைவி. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நான் வாயை மூடிக்கொண்டு, அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று காத்திருப்பேன். ஒரு தடவைகூட நான் நினைத்ததை அவள் சொன்னதில்லை. அதில் எனக்கு எவ்வளவு நிம்மதி என்பது அவளுக்குத் தெரியாது.