ஸ்டேண்ட்பை அண்ணனும் நான்கு வினாடியும்

எப்போதும் பயந்துகொண்டே, அதே சமயம் அவ்வளவு சந்தோஷமாக வாழ்ந்த மனிதர் என்று நெய்வேலி டவுன்ஷிப்பில் நான் ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன். அவர் ஸ்டேண்ட்பை அண்ணன். இயற்பெயர் ஒன்று இருந்தது. அது சம்பளச் சீட்டு அடிப்பவர்களுக்கு மட்டும் தெரியும்.

எங்கள் ஊரில் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் தண்ணீர் அழுத்தத்தோடு காத்துக்கொண்டிருக்கிறது. பம்புகள் இரவும் பகலும் அதை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். நின்றால் சுரங்கத்துக்குள் தண்ணீர் ஏறிவிடும். அதனால் ஓடுகிற பம்புக்குப் பக்கத்தில் இன்னொரு பம்ப் சும்மா நிற்கும். அதன் பெயர் ஸ்டேண்ட்பை. அண்ணன் சர்வீஸ் முழுவதும் அந்தப் பம்ப் பிரிவில்தான் இருந்தார். மற்றவர்கள் ஷிப்டு முடிந்ததும் வேலையை அங்கேயே விட்டுவிட்டு வருவார்கள். இவர் அதை வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

அவரிடம் குடை இரண்டு, டிபன் கேரியர் இரண்டு, மூக்குக் கண்ணாடி இரண்டு. திங்கட்கிழமைதோறும் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொள்வார். சும்மா நிற்கிற பம்பை வாரம் ஒரு முறை ஓட்டிப் பார்க்காவிட்டால் அவசரத்துக்கு அது கிளம்பாதாம். கடலூர் போக பஸ் ஸ்டாண்டில் நின்றால் முதலில் வந்த பஸ்ஸில் ஏற மாட்டார். பின்னால் இன்னொன்று வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஏறுவார். சில நாள் இரண்டும் போய்விடும். ஒரு முறை பண்ருட்டியிலிருந்து பலாப்பழம் இரண்டு வாங்கி வந்தார், ஒன்று அழுகினால் இன்னொன்று இருக்கட்டும் என்று. இரண்டும் ஒரே நாளில் பழுத்தன. எங்கள் பிளாக்கில் அன்று யார் வீட்டிலும் உலை வைக்கவில்லை.

"கிட்னி ரெண்டு குடுத்தான், காது ரெண்டு குடுத்தான். ஆண்டவனும் நம்ம செக்சன் ஆளுதானுங் தம்பி. இதயத்துல மட்டும் ஏமாந்துட்டான்," என்பார். ஈரோட்டுப் பக்கத்துக்காரர். இங்கே வந்து இத்தனை வருடம் ஆகியும் அந்த 'ங்' அவரை விட்டுப் போகவில்லை.

"பொண்டாட்டிக்கு ஸ்டேண்ட்பை கிடையாது. அதை ஞாபகம் வெச்சுக்குங்க," என்று உள்ளேயிருந்து அண்ணியின் குரல் வரும்.

அண்ணி டவுன்ஷிப்பில் பிறந்தவர், இங்கேயே பள்ளிக்கூடம் படித்தவர். அவருக்குச் சிறுவயதுப் புகைப்படம் என்று ஒன்றுகூட இல்லை. ஒரு புயலில் கூரை பறந்து, ஆல்பம் இருந்த டிரங்குப் பெட்டியில் தண்ணீர் நின்று, எல்லாம் ஒட்டிக் கூழாகிவிட்டது. ஆனால் அண்ணி ஐந்தாம் வகுப்பு படித்தபோது சினிமாக்காரர்கள் சிலர் இங்கே படம் பிடிக்க வந்திருந்தார்கள். பிரம்மாண்டமான சுரங்க இயந்திரத்துக்கு முன்னால் கதாநாயகன் நிற்க, பள்ளிக்கூடப் பெண்கள் வரிசையாக அவரைக் கடந்து போகவேண்டும். வரிசையில் மூன்றாவது அண்ணி. படம் அந்தக் காலத்தில் ஒரு வாரம்கூட ஓடவில்லை. எந்த டிவியிலும் போடுவதில்லை. பெயரைச் சொன்னால் எடுத்தவர்களே தங்களுக்குச் சம்பந்தமில்லை என்பார்கள்.

அந்தப் படம் ஒரு ஆன்லைன் வீடியோ கம்பெனியில் விற்பனைக்கு இருப்பதை அண்ணன் எப்படியோ கண்டுபிடித்தார். அன்றே வாங்கினார். ஒரு மணி பன்னிரண்டு நிமிடம் நாற்பதாவது வினாடியில் அண்ணி வருகிறார், நாற்பத்து நான்காவது வினாடியில் போய்விடுகிறார். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு அந்த நான்கு வினாடியைப் பார்ப்பது அந்த வீட்டின் வழக்கம் ஆயிற்று. துணைக்கு வேறு முப்பத்தேழு படங்களையும் வாங்கிப் போட்டார். மொத்தம் முப்பத்தெட்டு.

சென்ற வருடம் ஒரு காலை, பேப்பரோடு நான் வாசலில் இருந்தபோது வந்தார். முகம் சரியில்லை.

"தம்பி, ஒரு படம் காணாமப் போச்சுங்."

"எந்தப் படம்ணே? அண்ணி படமா?"

"அது இருக்குதுங். வேற ஒண்ணு. 'இப்போது கிடைக்கவில்லை'ன்னு வருது. வாடகைக்கு எடுத்தது இல்லீங். காசு குடுத்து வாங்குனது."

எதையும் முழுதாகப் படிக்காமல் கருத்துச் சொல்வது என் வழக்கம் இல்லை. அந்தக் கம்பெனியின் விதிமுறைகளை இரண்டு தவணையாக உட்கார்ந்து வாசித்து, தேவையானதை டைரியில் குறித்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன்.

"அண்ணே, நாம படத்தை வாங்கல. பார்க்கிற அனுமதியைத்தான் வாங்கியிருக்கோம். அவங்களுக்குப் படத்தோட உரிமை போயிடுச்சுன்னா நமக்கும் போயிடும்."

வீட்டுக் கூரையை அண்ணாந்து பார்த்தார். "குவார்ட்டர்ஸ் மாதிரியா?"

"ஆமாண்ணே. அதே மாதிரிதான்."

ரிட்டயர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட வேண்டும்; அவருக்கு அதற்கு ஒன்றரை வருடம் இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தார். விதிமுறைகளை எழுதிய வக்கீல்கள்கூட அதை அவ்வளவு சரியாகப் புரிந்துகொண்டிருப்பார்களா என்பது சந்தேகம்.

மறுநாள் மலர்ந்த முகத்தோடு வந்தார். அந்த ஆப்பிலேயே டவுன்லோடு என்று ஒரு பொத்தான் இருக்கிறதாம். அண்ணியின் படத்தை போனில் இறக்கிவிட்டாராம். இரண்டு பேரும் மெயின் பஜாரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் மாரியிடம் போனோம், அதைப் பென் டிரைவில் போட்டு வாங்க. மாரி குறிஞ்சிப்பாடிப் பக்கத்துக்காரர். போனை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"சார், இது பூட்டுன பொட்டிங்க. பொட்டி உங்க கையில, சாவி அவன் கையில. அந்த ஆப்புக்குள்ள மட்டும்தான் தொறக்கும். அதுவும் கொஞ்ச நாளுதான்."

"பூட்டை ஒடைக்க முடியாதுங்களா?" என்றார் அண்ணன்.

"ஒடைக்கிற சாப்ட்வேர் சுத்திகினுதான் இருக்குது. ஆனா வாணாம் சார். மொதல்ல அது சட்டப்படி தப்பு. அப்புறம் ஐடி, பாஸ்வேர்டு ரெண்டையும் எவன்னே தெரியாதவன் சாப்ட்வேருக்குக் குடுக்கணும். கம்பெனிக்காரன் கண்டுபுடிச்சான்னா அக்கவுண்டையே மூடிடுவான். வடலூர்ல என் கஸ்டமரு ஒருத்தரு, வாங்கின படம் மொத்தமும் போயி, மூணு மாசமா மெயில் போட்டுகினே இருக்காரு."

நானும் அதையே சொன்னேன். அண்ணன் இருவரையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு அந்த சாப்ட்வேரின் பெயரை மட்டும் கேட்டார்.

"சரிண்ணே, எடுக்கிறதுன்னு ஆயிடுச்சு. அண்ணி படத்தை மட்டும் எடுத்துட்டு நிறுத்திடுங்க," என்று கெஞ்சிப் பார்த்தேன்.

"ஒண்ணை மட்டும் எடுத்தாத்தான் சந்தேகம் வருமுங் தம்பி. எல்லாத்தையும் எடுத்தா ரொட்டீன் மெயின்டனன்ஸ்னு நெனைச்சுக்குவான்."

அதோடு நிற்கவில்லை. பம்ப் பிரிவில் முப்பது வருடம் இருந்தவருக்கு, தொடங்கிய ஒரு வேலையை இடையில் நிறுத்துவது என்பதே தெரியாது. மூன்று ஷிப்டு போட்டார். முதல் ஷிப்டு அவர் கம்ப்யூட்டர், இரண்டாவது என் லேப்டாப், மூன்றாவது மாரி கடையில் சும்மா கிடந்த ஒரு மெஷின். முதல் நாள் மதியமே வேகம் போதவில்லை என்று மூன்றையும் ஒரே நேரத்தில் ஓட விட்டார். என் அன்றைய டைரியில் இரண்டு வரிதான் இருக்கிறது: 'கடுமையாக எதிர்ப்புத் தெரிவித்தேன். லேப்டாப் கொடுத்தேன்.'

ஒரு ரிஜிஸ்டரும் திறந்தார். கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் அதை எழுதும் வேலை எனக்கு. 'ஓடுவது: மூன்று. பழுது: இல்லை.' மாரி கடையிலிருந்து போன் வரும். "சார், ரெண்டாவது படம் முடிஞ்சிடிச்சி, மூணாவது ஏறிகினு இருக்குது. இதுக்கும் கையெழுத்துப் போடணுமா?"

"போடோணும்!" என்பார் அண்ணன். "ஹேண்ட் ஓவர் இல்லாம ஷிப்டு உண்டா?"

அண்ணியின் படத்தைக் கடைசியில் வைத்திருந்தார். புது வேலையை முதலில் முக்கியமில்லாத பம்பில் செய்து பார்க்கவேண்டும் என்பது அவர்கள் பிரிவின் நியதி. அது எனக்கும் சரியாகவே பட்டது. இருபத்திரண்டு படங்கள் வந்து சேர்ந்தன. அவற்றில் ஒன்றைக்கூட அவர் இரண்டாம் முறை பார்க்க விரும்பியதில்லை.

மூன்றாம் நாள், புதன்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு மூன்று மெஷினும் ஒன்றாக நின்றன. கணக்கில் வழக்கத்துக்கு மாறான நடவடிக்கை தெரிவதால் அது முடக்கப்பட்டிருக்கிறது என்று திரையில் செய்தி. கம்பெனியைக் குறை சொல்ல முடியாது. ஒரு மனிதர் சாப்பிடாமல், தூங்காமல், ஒரே நேரத்தில் மூன்று இடங்களில் உட்கார்ந்து இரண்டரை நாளில் இருபத்திரண்டு படம் பார்த்தால் யாருக்குத்தான் கவலை வராது?

வாங்கிய படங்களின் பட்டியல் காலியாக இருந்தது. அண்ணியின் படமும் அதோடு போயிற்று. போனில் இறக்கி வைத்திருந்ததும் திறக்கவில்லை.

"நீங்க வந்து சொல்லுங் தம்பி. எனக்கு வாய் வராது," என்றார் அண்ணன்.

அண்ணி எங்களைப் பார்த்ததுமே, "என்ன, ரெண்டு பேரும் மைன்ஸ்ல தண்ணி ஏறின மாதிரி நிக்கிறீங்க?" என்றார்.

சொன்னேன். அண்ணி டிவி ரிமோட்டை எடுத்து அலமாரியில் வைத்தார். பிறகு, "படம்தானே, போகுது," என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனார். மிக்ஸி ஓடியது. அதில் ஒன்றும் போடவில்லை என்பது சத்தத்திலேயே தெரிந்தது. அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவரிடம் அன்று கண்ணாடி ஒன்றுகூட இல்லை, இரண்டையும் எங்கேயோ வைத்துவிட்டார்.

மாரி ஒரு யோசனை சொன்னார். "எவனோ ஹேக் பண்ணிட்டான்னு மெயில் போடுங்க சார். எல்லாரும் அப்புடித்தான் போடறாங்க."

அண்ணனுக்கு வந்த கோபத்தை அன்றுதான் பார்த்தேன். "பம்ப் நின்னா, நின்னுதுன்னுதானுங் எழுதோணும். ஓடுச்சுன்னு எழுதுனா கீழ இருக்கறவன் முழுகிப் போவான்."

அவர் எழுதியது மன்னிப்புக் கடிதம் அல்ல, சுரங்கத்து விபத்து அறிக்கை. நிகழ்வு, காரணம், பொறுப்பு, மேல் நடவடிக்கை என்று தலைப்புகள். சாப்ட்வேரின் பெயர், ஓட்டிய நேரம், பிரதி எடுத்த இருபத்திரண்டு படங்களையும் தானே அழித்த நேரம், எல்லாம் இருந்தன. 'இனி எந்தப் படத்தையும் எந்த வழியிலும் பிரதி எடுக்க மாட்டேன்' என்று கையெழுத்தும் போட்டிருந்தார். அண்ணியின் நான்கு வினாடியைப் பற்றி ஒரு பத்தி. பொறுப்பு என்ற இடத்தில் 'நான் ஒருவன் மட்டும்' என்று இருந்தது. மாரியின் பெயரும் இல்லை, என் பெயரும் இல்லை. ஆங்கிலத்தில் பெயர்த்து அனுப்பிக் கொடுத்தேன்.

முதல் பதில் அன்றே வந்தது. பாஸ்வேர்டு மறந்துவிட்டதா என்று கேட்டிருந்தார்கள். இரண்டாவது பதிலில், எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் கொடுப்பீர்கள் என்று கேட்டிருந்தார்கள். அண்ணன் மூன்று கொடுத்தார். "நம்மளை ஒழுங்காத்தானுங்களே புடிச்சான்?"

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் வெறுமனே போயின. சாப்பிட்டுவிட்டு அவர்கள் இருவரும் அணைந்த டிவிக்கு எதிரே உட்கார்ந்திருப்பது எங்கள் ஜன்னலிலிருந்து தெரியும். இருபத்தோராம் நாள் ஒரு மனிதர் எழுதியதாகத் தோன்றிய பதில் வந்தது. அறிக்கையை முழுதாகப் படித்திருக்கிறார். கணக்கைத் திறந்துவிட்டார்கள். இது கடைசி எச்சரிக்கை. எந்தப் படமும் எப்போதும் இருக்கும் என்று உறுதி தர இயலாது.

அடுத்த ஞாயிறு என்னையும் மாரியையும் கூப்பிட்டிருந்தார்கள். நாற்பதாவது வினாடியில் அண்ணி வந்தார், போனார். மாரி மெல்ல போனை எடுத்தார். "டிவிக்கு நேரா வெச்சிப் புடிச்சிடலாமா சார்? நாலு செகண்டுதானே, எவனுக்குத் தெரியப் போவுது?"

"வேண்டாமுங். எழுதிக் குடுத்துட்டேன்." அண்ணன் என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்கதான் எல்லாத்தையும் டைரியில எழுதுவீங்களே. இதை எழுதுங்களேன். எழுதுறது காப்பி ஆகாதுங்களே?"

விதிமுறைகளை நினைத்துப் பார்த்தேன். எழுதுவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

பதினொரு முறை திரும்பத் திரும்ப ஓட்டச் சொல்லிப் பார்த்து எழுதினேன். வரிசையில் மூன்றாவது சிறுமி. இரட்டைப் பின்னல், இடது ரிப்பன் அவிழ்ந்து தோளில் கிடக்கிறது. வலது கையில் செருப்பு, காலில் ஒன்றும் இல்லை. எல்லாப் பெண்களும் கதாநாயகனைப் பார்க்கிறார்கள், இவள் மட்டும் இயந்திரத்தைப் பார்க்கிறாள். உதடுகள் இறுக மூடியிருக்கின்றன. அழுகையை அடக்குவது போலத் தெரிகிறது.

அண்ணி பக்கத்தில் நின்று வாசித்துக்கொண்டிருந்தார். "அழுகையெல்லாம் இல்ல தம்பி. அடிச்சுத் திருத்துங்க. சைக்கிள்ல விழுந்து முன்பல்லு பாதி ஒடைஞ்சிருந்துச்சு. வெளிய தெரியக்கூடாதுன்னு வாயை மூடிக்கிட்டுச் சிரிக்கிறேன்."

அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். "எங்கிட்டச் சொன்னதே இல்லையே?"

"நீங்க எங்க கேட்டீங்க? வந்துட்டேனா, வந்துட்டேனான்னு நேரத்தைத்தானே பாத்துட்டு இருந்தீங்க."

அடித்து, 'சிரிக்கிறாள்' என்று எழுதினேன். தேதி போட்டு, பக்கத்தைக் கத்தரித்து அண்ணனிடம் கொடுத்தேன். அதை நின்றபடியே படித்தார். பிறகு உட்கார்ந்து படித்தார். எழுந்து போய், அவரே டீ போட்டு எடுத்து வந்தார்.

டீயில் சர்க்கரை இல்லை. மாரி என்னைப் பார்த்தார். சொல்ல வேண்டாம் என்று நான் தலையை ஆட்டினேன். இரண்டு பேரும் கடைசிச் சொட்டு வரை குடித்தோம்.