ஊசலார் பார்த்த வாடகைக் கட்டடம்

நகராட்சி வாசலில் ஈ நுழைய இடமில்லை. வேலை கொடுக்கிறார்களா? அதெல்லாம் இல்லை. வேலை கிடைக்கிற ராசியான கட்டடத்தைக் கண்டுபிடிக்க ஊசலார் வருகிறாராம்!

ஊசலார் ஒரு சங்கிலியில் செம்புக் குண்டைத் தொங்கவிட்டுப் பிடிப்பார். குண்டு சுற்றினால் அந்த இடத்தில் அதிர்ஷ்டம். சுற்றாவிட்டால் தரித்திரம். பூமிக்கடியில் எந்தச் சக்தி எந்தப் பக்கம் ஓடுகிறது என்பது அவருக்கு அத்துப்படி. தன் கார் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதை மட்டும் டிரைவரிடம் கேட்டுக்கொள்வார்.

விஷயம் இதுதான். நகராட்சியின் தொழிற்பயிற்சி நிலையத்தில் இடம் போதவில்லை. ஒரு தையல் மெஷினுக்கு நாலு பெண்கள். வயரிங் வகுப்பு மாடிப்படியில். வெல்டிங் வகுப்போ கழிப்பறை வாசலில். உள்ளே போனவர் வெளியே வரவேண்டுமானால் தீப்பொறி அடங்கவேண்டும். சேர வந்தவர்களில் பாதிப்பேரைத் திருப்பி அனுப்பினார்கள். கூடுதலாக ஒரு கட்டடத்தை வாடகைக்கு எடுக்க மன்றம் முடிவு செய்தது.

வெல்டிங் டீச்சர் வெயிலில் அலைந்து, பஸ் நிலையத்துக்கு எதிரே மூடிக் கிடந்த அச்சகத்தைப் பிடித்தார். வெளிச்சம், காற்று, மும்முனை மின்சாரம், எல்லாம் இருந்தது. நகராட்சித் தலைவருக்கு அது போதவில்லை; ஊசலாரை வரவழைத்தார். அவருடைய தங்கைதான் டீச்சர். தங்கை சொல்லி அண்ணன் கேட்பதாவது!

ஊசலார் அச்சகத்தில் நின்றார். குண்டு அசையவில்லை. "இங்க படிச்சா வேலை வாசல் வரைக்கும் வந்து திரும்பிப் போயிடும்" என்றார்.

அடுத்து ஊர்க்கோடியில் ஒரு கிடங்கு. ஜன்னல் இல்லை, கூரையில் மட்டும் தாராளமாக ஓட்டைகள். அங்கே குண்டு பம்பரமாகச் சுற்றியது. கூட்டம் கைதட்டியது. பிள்ளைகளின் சான்றிதழை அந்தக் குண்டில் தொட்டு எடுக்கத் தாய்மார்கள் முண்டியடித்தார்கள். தொடுவதற்குக் கட்டணம் தனி.

"அண்ணே, இதுக்குள்ள வெல்டிங் வச்சா புகையிலயே எல்லாரும் போய்ச் சேருவோம்" என்றார் டீச்சர்.

"சும்மா இரு! பெரியவர் பாத்துச் சொல்லிட்டாரு."

"நான் எங்கம்மா பாத்தேன்?" என்று சிரித்தார் ஊசலார். "பாக்குறது குண்டு. எனக்குக் கண்ணே தேவையில்ல."

"அப்படிங்களா? அப்ப கண்ணை மூடிக்கிட்டு ஒரு தடவை காட்டுங்களேன்."

கூட்டம் ஆரவாரம் செய்தது. ஊசலாரால் பின்வாங்க முடியவில்லை. டீச்சர் அவர் கண்ணைத் துணியால் கட்டி, மேலே தன் வெல்டிங் முகமூடியையும் மாட்டினார். அதன் கறுப்புக் கண்ணாடியில் நெருப்பைத் தவிர வேறெதுவும் தெரியாது.

அவரை ஏற்றிக்கொண்டு ஒரு வேன் ஊரைச் சுற்றியது. சுற்றிவந்து அதே கிடங்கின் பின்வாசலில் நின்றது. எல்லோரும் வாயில் விரலை வைத்து நின்றார்கள். கிடங்கு உரிமையாளர் மட்டும் காரணமில்லாமல் இருமிக்கொண்டே இருந்தார்.

ஊசலார் சங்கிலியைப் பிடித்தார். குண்டு செத்துப்போய்த் தொங்கியது.

"ஐயோ! மறுபடியும் இந்தப் பாழாப்போன அச்சகத்துக்கா கூட்டிட்டு வந்தீங்க? இது பொணக்காடு! இதை வாடகைக்கு எடுக்கிறவன் குடும்பம் உருப்படாது!"

உரிமையாளருக்குப் பொறுக்கவில்லை. "யோவ் மச்சான்! இது நம்ம கிடங்குய்யா!"

ஒரே சிரிப்பு, கூரையின் மிச்சத் தகரமும் விழுந்துவிடும்போல.

"மச்சானா?" என்றார் தலைவர். அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. முகமூடியைக் கழற்றவும் மறந்து, ஊசலார் காரைத் தேடிச் சுவரில் முட்டிக்கொண்டார்.

அச்சகமே வாடகைக்கு எடுக்கப்பட்டது. திறப்பு நாளில் ஒரு தாய் டீச்சரிடம் வந்தார். "அப்ப என் பையனுக்கு வேலை கிடைக்குமான்னு இனிமே யார்கிட்டம்மா கேக்குறது?"

"உங்க பையன்கிட்ட கேளுங்கக்கா. இன்னிக்கு இரும்பை ஒழுங்கா ஒட்டினானான்னு."

செம்புக் குண்டை ஆட்டியது ஊசலாரின் விரல். அது ஆடியதும் நாமும் ஆடினோமே, நம்மை ஆட்டியது எது? தலையைக் கொஞ்சம் தட்டிப் பாருங்கள். உள்ளே ஏதாவது இருந்தால் பதில் சொல்லும்.