நான் ஒப்பிட்டுச் சொன்ன நாலு சில்லு வண்டிகள்

தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் பழக்கம் எனக்கு ஐம்பத்திரண்டாவது வயதில்தான் வந்தது. அப்போது நான் தண்ணீர் சொட்டச் சொட்டக் கிடந்தேன்.

மகள் ஆரணிக்கு டேனிஷ் மாப்பிள்ளை பேசி முடித்திருந்த நேரம். (அதாவது, அவர்கள் இருவரும் முடித்துவிட்டு எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள்.) மாப்பிள்ளையின் தகப்பன் யென்ஸுக்கு டென்மார்க்கில் சில்க்போர்க் பக்கம் காடும் குளமும் உண்டு. விறகு இழுக்க, வேட்டையில் சுட்ட மானை ஏற்றிவர, சும்மா காட்டுப்பாதையில் சுற்ற, மூன்றுக்கும் பொருந்தும் ஒரு ஏடிவி வாங்க நினைத்தார். மோட்டார் சைக்கிளைப் போல ஏறியிருந்து ஓட்டும் நாலு சில்லு வண்டி.

"எனக்கு இயந்திரங்கள் பழக்கம். ஒப்பிட்டுச் சொல்கிறேன்" என்று முதல் விருந்திலேயே சொல்லிவிட்டேன். என் பழக்கம் ஹேர்னிங் தொழிற்சாலையில் தையல் இயந்திரங்களோடு. ஆனாலும் சம்பந்தி என்னை ஓர் ஆளாக மதிக்க வேண்டுமே.

மூன்று வாரம் காணொளி பார்த்து இருபத்தேழு வரியில் அட்டவணை போட்டேன். இழுவைச் சக்தி, தரையிலிருந்து உயரம், மான் கிடத்த இடம், இருக்கையின் மென்மை. (எனக்கு ஓட்டத் தெரியுமா என்று ஒரு வரி இல்லை.)

குறித்த சனிக்கிழமை, பரீட்சித்துப் பார்க்கவென்று மூன்று வண்டிகள் யென்ஸின் முற்றத்தில் வந்து நின்றன. மனைவி பையிலிருந்து தேசிக்காய்களை எடுத்தாள்.

"இஞ்சேர், இன்னும் வாங்கேல்லையே" என்றேன்.

"ஓடப்போறது நீங்கள். கட்டாயம் வேணும்."

புது வண்டி சில்லுக்கடியில் தேசிக்காயை, அதாவது எலுமிச்சையை, நசித்துக்கொண்டுதான் புறப்பட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். முதல் வண்டியின் நாலு சில்லுக்கும் நாலு வைத்து நிமிர்ந்தால் ஒன்றைக் காணவில்லை. யென்ஸின் வேட்டைநாய் பெல்லா அதைப் பதமாகக் கவ்விப்போய் அவர் காலடியில் வைத்துவிட்டு நின்றது. வேட்டையில் விழுந்ததை எடுத்து வருவதுதான் அதன் வேலை. திரும்ப வைத்தேன், திரும்ப எடுத்தது. மூன்றாம் முறை யென்ஸ் மரியாதையாகக் கேட்டார்: "இது அட்டவணையில் எத்தனையாவது வரி?"

"அப்பா, உண்மையில் உங்களுக்கு ஓட்டத் தெரியுமா?" என்று ஆரணி டேனிஷில் காதோடு கேட்டாள்.

"யாழ்ப்பாணம் முழுக்க மோட்டார் சைக்கிள் ஓடினனான், பிள்ளை."

அது உண்மை. பிழையும் அதுதான். பெல்லா அடுத்த காயைக் கவ்வுமுன் கிளம்பிவிட வேண்டுமென்று, மோட்டார் சைக்கிளில் வேகம் கொடுப்பதுபோல வலது கைபிடியை முறுக்கினேன். அசையவில்லை. இறுக்கிப் பிடித்து இன்னும் முறுக்கினேன். இந்த வண்டிக்கு வேகம் கொடுப்பது பெருவிரலால் அழுத்தும் சிறு நெம்புகோல். (அட்டவணை, பத்தொன்பதாம் வரி.) அதை என் பெருவிரல் என்னைக் கேட்காமலே அழுத்திவிட்டது. வண்டி பாய்ந்தது. பயத்தில் இன்னும் இறுக்கினேன், இன்னும் பாய்ந்தது. பிறகு குளம்.

எழுந்தபோது தண்ணீர் இடுப்பளவு. பின்னால் தொபீரென்று ஒரு சத்தம். பெல்லா நீந்திவந்து என் சட்டைக்கையைக் கவ்வி, ஒரு கீறலும் படாமல் கரைக்கு இழுத்து, யென்ஸின் காலடியில் சேர்த்தது.

கல்யாணம் குழம்பிவிட்டது என்றே நினைத்தேன். "எனக்கு இதை ஓட்டத் தெரியாது" என்றேன். முப்பது வருடத்தில் நான் பேசிய மிகத் தெளிவான டேனிஷ் அதுதான்.

யென்ஸ் பெருமூச்சு விட்டார். "எனக்கும் தெரியாது. சொல்ல வெட்கமாக இருந்தது. அதனால்தான் நீங்கள் ஒப்பிட்டுச் சொல்கிறேன் என்றதும் உங்களைப் பிடித்துக்கொண்டேன்."

குளத்தில் இறங்கிய வண்டியையே வாங்கினார். கல்யாணமும் நடந்தது. ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் வேட்டை முடிந்ததும், விழுந்தவற்றைப் புல்லில் வரிசையாகக் கிடத்தி, கொம்பு ஊதி, யென்ஸ் கணக்கு வாசிப்பார். இத்தனை மான், இத்தனை வாத்து. கடைசியில் என் பக்கம் திரும்பி, "பெல்லா தண்ணீரிலிருந்து எடுத்தது, ஒரு சம்பந்தி" என்பார். அவர் கற்ற ஒரே தமிழ்ச் சொல் அது. விழுந்த மிருகங்களுக்குச் செய்யும் அதே மரியாதையோடு வேட்டைக்காரர்கள் எல்லோரும் தொப்பியைக் கழற்றுவார்கள். நானும் கழற்றுவேன்.